கைக்குழந்தைக்கு ஆண்டிபயாட்டிக்: இன்றே கொடுப்பதா, இரண்டு நாள் பொறுப்பதா?

சிங்கப்பூரில் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் நாம் சீட்டோடு திரும்புவதில்லை, மருந்தோடுதான் திரும்புகிறோம். டாக்டர் அறையை விட்டு வந்து சற்று நேரத்தில் கவுண்டரில் பெயரைக் கூப்பிடுவார்கள். காய்ச்சலுக்கு ஒரு பாட்டில், மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து, அப்புறம் அடியில் வெள்ளைப் பொடி கிடக்கிற இன்னொரு பாட்டில். தாதி அதைத் தட்டிப் பொடியை உதிர்த்து, கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, "இது ஆண்டிபயாட்டிக். ஃபிரிட்ஜில் வையுங்கள், முழுசாகக் கொடுத்து முடியுங்கள்" என்று நீட்டுவார். கொடுக்கலாமா, பொறுக்கலாமா என்ற யோசனையே அந்தப் பாட்டில் கைக்கு வந்த பிறகுதான் பலருக்கு வருகிறது.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு பேச்சு. மாமியார், "டாக்டர் கொடுத்ததைக் கொடு, பிள்ளை வாடிக் கிடக்கிறது" என்பார். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், சின்ன வயதில் ஆண்டிபயாட்டிக் கொடுத்தால் பின்னாளில் ஆஸ்துமா வரும், உடம்பு போடும், மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று எங்கிருந்தோ எடுத்த செய்தியை அனுப்பியிருப்பார். மூன்றாவது ஒருவர் வசம்பையும் ஜாதிக்காயையும் உரைத்துக் கொடுத்தால் போதும் என்பார். பெற்றவர்களுக்கு முன்னால் உண்மையில் இருக்கும் வழிகள் நான்கு: இன்றே தொடங்குவது, இரண்டு மூன்று நாள் கண்காணித்துப் பார்ப்பது, முதலில் சோதனை செய்து பார்ப்பது, தொடங்கிவிட்டுச் சீக்கிரம் நிறுத்துவது. இந்த நான்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பிள்ளையின் வயதும் நோய் எந்த இடத்தில் என்பதும் தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

முதலில் வயது. பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம், காலையில் போவோம் என்பதெல்லாம் வேண்டாம். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. நேராக அங்கே போய்விட வேண்டும். இந்த வயதில் காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குக் கடுமையான பாக்டீரியா தொற்று இருக்கிறது. பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, சிலருக்கு இரத்தத்தில், வெகு சிலருக்கு மூளையுறையில். வெளியே பார்த்தால் இவர்களுக்கும் சாதாரணச் சளிக்காய்ச்சல் குழந்தைக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் டாக்டர்கள் இரத்தம், சிறுநீர் எடுத்து, தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீரும் எடுத்து, பல குழந்தைகளுக்கு முடிவு வருவதற்கு முன்பே ஊசி வழியாக மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். எடுத்ததை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து (இதைத்தான் கல்ச்சர் என்பார்கள்) கிருமி எதுவும் வளரவில்லை என்று தெரிந்தால் ஒன்றிரண்டு நாளில் நிறுத்துவதும் வழக்கம். பெற்றோர் கேட்க வேண்டியது அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான்: "கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை என்றால் எப்போது நிறுத்துவீர்கள்?"

இன்னொரு கோடியில், மருந்தே வேலை செய்யாத நோய்கள். சளி, தொண்டைக் கரகரப்பு, கை கால் வாய்ப்புண் நோய், ஆர்எஸ்வி கிருமியால் மூச்சுக்குழல் வீங்கி இழுப்பு வருவது, இவையெல்லாம் வைரஸ். ஆண்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். இன்ஃபன்ட் கேர் என்கிற கைக்குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்த முதல் வருடத்தில் பிள்ளைக்கு மாதா மாதம் சளி பிடிப்பது ஊரறிந்த விஷயம். மூக்குச்சளி பச்சையாக மாறுவதைப் பார்த்துப் பாக்டீரியா என்று முடிவு கட்டுவது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சாதாரண வைரஸ் சளியும் மூன்றாம் நான்காம் நாளில் மஞ்சளும் பச்சையுமாகத்தான் மாறும். இருமலில் ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். கக்குவான் இருமல் என்று சந்தேகம் வந்தால் கைக்குழந்தைக்கு ஆண்டிபயாட்டிக் கட்டாயம் தேவை.

மருந்து வேலை செய்யாத இடத்தில் நீண்டகால விளைவைப் பற்றி ஆராய்ச்சி படித்துக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. பலன் சுழியம் என்றால் துளி ஆபத்தும் அதிகம்தான். அப்படியானால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் நடுவில் இருக்கிறது. அதில் முதன்மையானது காது.

காதுத் தொற்று: பொறுத்துப் பார்க்க இடமுள்ள நோய்

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டிபயாட்டிக் எழுதப்படுவதற்கு நடுக்காதுத் தொற்று ஒரு பெரிய காரணம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த வயதில் இரு பிரிவாகப் பார்க்கிறது. இரண்டு காதிலும் தொற்று, 39 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல், கடுமையான வலி, காதில் சீழ் வடிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மருந்தைத் தொடங்குவது. ஒரு காதில் மட்டும் லேசாக இருந்தால் 48 முதல் 72 மணி நேரம் வரை கண்காணித்துப் பார்க்கலாம், ஆனால் மீண்டும் டாக்டரிடம் போக வழி இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் பொறுப்பதில்லை.

பொறுப்பதால் என்ன இழக்கிறோம்? பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழுவின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு இதற்கு நேரடியான பதில் தருகிறது. மருந்து குடித்தாலும் குடிக்காவிட்டாலும் 24 மணி நேரத்தில் 60 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு வலி போய்விடுகிறது. இரண்டு மூன்று நாளில் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக வலி நிற்க வேண்டுமென்றால் 20 பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும். அதே மருந்து 14 பேரில் ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தடிப்பு என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவருகிறது. இரண்டு வயதுக்குக் குறைந்து, இரு காதிலும் தொற்று இருப்பவர்களுக்கும், சீழ் வடிபவர்களுக்கும் பலன் இதைவிட நன்றாகவே இருக்கிறது. மற்றவர்களுக்கு, லேசான பலன், லேசான தொல்லை.

டாக்டரின் தடுமாற்றமும் புரிந்துகொள்ளக் கூடியதே. பத்து மாதப் பிள்ளை அம்மாவின் மடியில் துள்ளுகிறது. ஒரு கையால் தலையைப் பிடித்து, மறு கையால் காதுக்குள் விளக்கை நுழைக்க வேண்டும். குறுகலான துவாரம், பாதியை அழுக்கு மறைக்கிறது. பிள்ளை வீறிட்டு அழுதால் செவிப்பறை தானாகவே சிவந்துபோகும், காய்ச்சலாலும் சிவக்கும். சிவப்பை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்லிவிட முடியாது. பறை வெளிப்பக்கமாக உப்பியிருக்கிறதா என்பதுதான் அடையாளம். ஆகவே கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்வி சின்னது: "ஒரு காதா, இரண்டு காதுமா? சிவந்திருக்கிறதா, உப்பியிருக்கிறதா?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நிறைய டாக்டர்கள் பெற்றோர் மருந்தை எதிர்பார்த்து வந்திருக்கிறார்கள் என்று எண்ணித்தான் எழுதுகிறார்கள். பொறுக்கத் தயார் என்று தெரிந்தால் அவர்களே வேறு மாதிரிப் பேசுவார்கள்.

பொறுத்துப் பார்ப்பது என்றால் சும்மா இருப்பது என்று பொருளல்ல. வலிக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால், ஆறு மாதம் தாண்டியிருந்தால் டாக்டர் சொல்லி ஐபுபுரோஃபென். பாலைக் குறைத்துக் குடிக்கிறதா, நனையும் டயப்பர் பாதியாகக் குறைந்துவிட்டதா, மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்கு இடையே குழி விழுகிறதா, எழுப்பினாலும் துவண்டு போகிறதா, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் எது வந்தாலும் பொறுக்கும் காலம் அந்த நிமிடமே முடிந்துவிட்டது.

இங்கே சிங்கப்பூருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஊரில் பஸ் பிடித்து இரண்டு மணி நேரம் போக வேண்டிய தாய்க்கு இன்றே மருந்தைத் தொடங்கிவிடுவது புத்திசாலித்தனமாக இருக்கலாம். செங்காங்கிலோ ஜூரோங்கிலோ இருப்பவர்களுக்கு நள்ளிரவிலும் டாக்சி கிடைக்கும், மருத்துவமனை அரை மணி, முக்கால் மணி தூரம். அதனால் பொறுப்பதற்கு நாம் கொடுக்கும் விலை குறைவு. குறுக்கே நிற்பது வேறு ஒன்று: வேலை. காய்ச்சலோடு பிள்ளையை இன்ஃபன்ட் கேரில் விட முடியாது, குடிமக்களான பிள்ளைகளின் பெற்றோருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு ஆண்டுக்கு ஆளுக்கு ஆறு நாள்தான். "மருந்து உள்ளே போனால் நாளை மறுநாள் அனுப்பிவிடலாம்" என்று மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கு பலிக்காது. மேலே சொன்ன காக்ரேன் எண்ணிக்கையைத் திரும்பப் பாருங்கள், முதல் நாளில் மருந்தால் எந்த வித்தியாசமும் இல்லை.

டாக்டரே பாட்டிலைக் கொடுத்து, "இரண்டு நாளில் குறையவில்லை என்றால் தொடங்குங்கள்" என்று சொல்வதும் உண்டு. எனக்கு இது பிடித்த வழி. ஒரு நிபந்தனை: பொடியில் தண்ணீர் கலக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், எவ்வளவு தண்ணீர் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆக்மென்டின் போன்ற ஆண்டிபயாட்டிக் மருந்துகள் தண்ணீர் கலந்த பிறகு ஃபிரிட்ஜில் ஏழு நாள்தான் தாங்கும்.

நீண்டகால விளைவு: எவ்வளவு நம்பலாம்?

இனி வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அடிப்படை இதுதான். பிறந்த குழந்தையின் குடலில் குடியேறும் பாக்டீரியாக்களில் பிஃபிடோ வகை முக்கியமானது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது, அது இந்தப் பாக்டீரியாக்களுக்கான உணவு. எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று நோய் எதிர்ப்பு மண்டலம் பழகும் காலத்தில் இவை உடனிருக்கின்றன. குடலின் இந்த நுண்ணுயிர்க் கூட்டம் ஒரு நிலைக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதற்குள் வரும் ஆண்டிபயாட்டிக் நோய்க் கிருமியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. எலிகளில் இது தெளிவாகவே காட்டப்பட்டிருக்கிறது. 2014இல் அமெரிக்க நுண்ணுயிர் ஆய்வாளர் மார்ட்டின் பிளேசரின் குழு, பிறந்தது முதல் குறைந்த அளவில் பென்சிலின் பெற்ற எலிகள் மருந்தை நிறுத்திய பிறகும் கொழுத்ததைக் கண்டது. அவற்றின் குடல் பாக்டீரியாக்களைக் கிருமியே இல்லாத எலிகளுக்கு மாற்றியபோது அவையும் கொழுத்தன.

மனிதர்களில்? அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2020இல் 14,572 குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். 70 விழுக்காட்டினர் இரண்டு வயதுக்குள் ஒரு தடவையாவது ஆண்டிபயாட்டிக் குடித்திருந்தார்கள். அவர்களிடம் ஆஸ்துமா, ஒவ்வாமை மூக்கடைப்பு, தோல் அழற்சி, உடல் பருமன், கவனக்குறைவு நோய் ஆகியவை அதிகம் இருந்தன. எத்தனை தடவை குடித்தார்கள் என்பதற்கேற்ப ஏறின. வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். ஆஸ்துமா வரப்போகிற பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே அடிக்கடி இழுப்பு வரும், இழுப்பு வந்தால் கிளினிக்குக்குப் போவார்கள், போனால் ஆண்டிபயாட்டிக் கிடைக்கும். பத்து வருடம் கழித்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு மருந்து முன்னால் வந்தது, ஆஸ்துமா பின்னால் வந்தது என்றுதான் தெரியும். சுவீடனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் குழந்தைகளைப் பார்த்து 2014இல் வெளியான ஆய்வு இந்தச் சிக்கலை அழகாகப் பிரித்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிறுநீர்த் தொற்றுக்கும் தோல் தொற்றுக்கும் மருந்து குடித்தவர்களிடம் ஆஸ்துமா தொடர்பு மறைந்துபோனது. மூச்சுக்குழல் தொற்றுக்குக் குடித்தவர்களிடம் வெகுவாகக் குறைந்தது. மருந்துதான் குற்றவாளி என்றால் எந்த நோய்க்குக் குடித்தாலும் விளைவு ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்?

சரி, அத்தோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2000க்கும் 2014க்கும் இடையே ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆண்டிபயாட்டிக் எழுதுவது குறைந்தது. ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் புதிதாக ஆஸ்துமா வருவதும் 26 விழுக்காடு குறைந்தது. அதே ஆய்வில் தனியாகப் பின்தொடர்ந்த குழந்தைகளில், முதல் வருடம் மருந்தே குடிக்காதவர்களில் ஐந்து வயதில் ஆஸ்துமா 5.2 விழுக்காடு, ஒரு தடவை குடித்தவர்களில் 8.1, மூன்று தடவையும் அதற்கு மேலும் குடித்தவர்களில் 17.6. அந்த 17.6ஐப் பார்த்துப் பதறுவதற்கு முன் அந்தக் கடைசிக் கூட்டத்தில் மொத்தமே 34 பிள்ளைகள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு பேருக்கு ஆஸ்துமா. 2025இல் பிரிட்டனின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் ஆஸ்துமாவோடும் உணவு ஒவ்வாமையோடும் தொடர்பைக் கண்டார்கள், உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோதும் அது நின்றது.

எடை விஷயத்தில் பயம் இன்னும் குறைவாக இருக்கலாம். 2016இல் அமெரிக்காவில் 38,522 குழந்தைகளையும், ஒருவர் மருந்து குடித்து மற்றவர் குடிக்காத இரட்டையர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் ஆண்டிபயாட்டிக் குடித்ததற்கும் ஏழு வயது வரையிலான எடை ஏற்றத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்த இன்னொரு ஆய்வில் வித்தியாசம் இருந்தது, ஆனால் எடைக்கருவியில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சின்னது. மூளை வளர்ச்சி பற்றிய பயத்துக்கு ஆதாரம் இன்னும் மெலிந்தது. ஒரு ஆய்வு ஆம் என்கிறது, அடுத்தது இல்லை என்கிறது.

என் கணக்கு இப்படி. ஆஸ்துமா, ஒவ்வாமைத் தொடர்பில் ஏதோ உண்மை இருக்கிறது. அது பெரிதல்ல, மருந்தின் பங்கு எவ்வளவு என்பதும் பிரியவில்லை. பாக்டீரியா தொற்று உறுதியான பிள்ளைக்கு மருந்தைத் தடுக்கும் அளவுக்கு அதற்கு எடை கிடையாது. சிறுநீர்த் தொற்றோடு காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனால் சிறுநீரகத்தில் வடு விழும் வாய்ப்பு ஏறுகிறது. அந்த வடுவும் நீண்டகால விளைவுதானே? ஆனால் ஒரு காதில் லேசான தொற்று, பலன் எப்படியும் கொஞ்சம்தான் என்கிற இடத்தில், பொறுப்பதன் பக்கம் தராசைச் சாய்க்க இந்தச் சந்தேகமே போதும்.

சோதனை செய்துவிட்டு முடிவெடுப்பது

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாச் சோதனையும் ஒன்றல்ல. விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஒரு புரதம்) அளவு வைரஸிலும் ஏறும், பாக்டீரியா தொற்றின் முதல் மணி நேரங்களில் ஏறாமலும் இருக்கும். வைரஸ் கண்டுபிடிக்கும் மூக்குச் சோதனையில் ஆர்எஸ்வி என்று வந்தால் மூச்சிரைப்புக்கு ஆண்டிபயாட்டிக் தேவையில்லை என்று டாக்டர் துணிந்து சொல்ல அது உதவும்.

கைக்குழந்தைக்கு உண்மையில் முடிவை மாற்றுவது சிறுநீர்ச் சோதனை. சளி இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடிக்கிறது என்றால் இதைக் கேட்டு வாங்க வேண்டும். எடுக்கும் விதம்தான் தொல்லை. ஒட்டும் பிளாஸ்டிக் பையை இடுக்கில் ஒட்டிவிட்டு உட்கார வைப்பார்கள். பால் கொடுத்து, டயப்பரைத் திறந்து திறந்து பார்த்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து கிடைக்கும் அந்த நீரில் தோலில் உள்ள கிருமிகளும் சேர்ந்து வளரும். பையில் எடுத்தது சுத்தம் என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். தொற்று என்று வந்தால் அப்படியே நம்ப முடியாது. மெல்லிய குழாய் விட்டு எடுப்பது ஒரு நிமிடம் பிள்ளையை அழ வைக்கும், ஆனால் முடிவு தெளிவாக வரும். தெளிவில்லாத முடிவை வைத்து ஏழு பத்து நாள் மருந்து கொடுப்பதைவிட அந்த ஒரு நிமிட அழுகை மேல் என்றே நான் சொல்வேன். இதை எல்லா கிளினிக்கிலும் செய்ய மாட்டார்கள், குழந்தை அவசரப் பிரிவுக்குத்தான் அனுப்புவார்கள். முக்கியமானது, மருந்தின் முதல் வேளைக்கு முன்னால் சிறுநீர் எடுத்துவிட வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் ஒரு வேளை ஊற்றிவிட்டுப் போனால் கிருமி வளராது, என்ன நோய் என்பது கடைசி வரை தெரியாது.

தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்துவது

நான்கில் மோசமான வழி இது. இதைத்தான் நிறையப் பேர் சத்தமில்லாமல் செய்கிறார்கள். காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டதும், "குடலுக்குக் கெடுதல், போதும்" என்று நிறுத்துவது. 2016இல் ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையிலான 520 பிள்ளைகளின் காதுத் தொற்றுக்குப் பத்து நாளும் ஐந்து நாளும் கொடுத்துப் பார்த்தார்கள். பத்து நாள் குடித்தவர்களில் 16 விழுக்காட்டினருக்குக் குணமாகவில்லை. ஐந்து நாள் குடித்தவர்களில் 34. இரண்டு மடங்கு. அதைவிட, ஐந்து நாளோடு நிறுத்தியதால் பக்கவிளைவும் குறையவில்லை, மருந்துக்கு அடங்காத கிருமியும் குறையவில்லை. குடலுக்கு ஆகும் கெடுதல் ஆகிவிட்டது, காதுக்குப் பலனும் இல்லை, அடுத்த வாரம் இன்னொரு பாட்டில்.

அதற்காக எல்லா நோய்க்கும் பத்து நாள் என்றும் இல்லை. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையில்லாத நிமோனியாவுக்கு, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், மூன்று நாள் கொடுத்ததும் ஏழு நாள் கொடுத்ததும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. ஆக நாளைக் குறைப்பது நோயைப் பொறுத்து டாக்டர் செய்ய வேண்டியது. "இந்த நோய்க்குக் குறைந்தது எத்தனை நாள் போதும்?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம்.

நாள் எண்ணிக்கையைவிட எந்த மருந்து என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் அதைப் பெற்றோர் கேட்பதே இல்லை. காதுக்கும் நிமோனியாவுக்கும் முதல் மருந்து அமோக்சிசிலின். பழையது, மலிவானது, வாழைப்பழ வாசனையில் பிள்ளையும் துப்பாமல் குடிக்கும். அசித்ரோமைசின் ஒரு நாளைக்கு ஒரு வேளை, மூன்று நாளில் முடிந்துவிடும் என்பதால் வசதியாகத் தெரிகிறது. ஆனால் பின்லாந்தில் 142 பிள்ளைகளின் மலத்தைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், அசித்ரோமைசின் சேர்ந்த மேக்ரோலைடு வகை மருந்துகள் குடல் பாக்டீரியாவில் விட்ட மாற்றம் ஆறு மாதத்துக்கு மேலும் தெரிந்தது. பென்சிலின் வகையின் தடம் அதைவிட மிக லேசானது. ஆறு வாரம் ஆகாத குழந்தைக்கு மேக்ரோலைடு கொடுத்தால் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் தடித்து அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. கக்குவான் போன்ற தேவை இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். மூன்று வேளை ஊற்ற நேரமில்லை என்பதற்காக வேண்டாம்.

மருந்து கொடுத்தாகிவிட்டது என்றால் செய்யக்கூடியதில் தாய்ப்பாலுக்குத்தான் என் முதல் ஓட்டு. கனடாவில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வில், ஆண்டிபயாட்டிக் குடித்த காலத்தில் தாய்ப்பாலும் குடித்த பிள்ளைகளிடம் ஆஸ்துமா கூடவில்லை. தாய்ப்பால் இல்லாதவர்களிடம் கூடியது. மருந்து குடிக்கும் வாரத்தில் பால் கொடுப்பதை நிறுத்திவிடும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது, அது நேர் எதிர். புரோபயாட்டிக் சொட்டு மருந்து வயிற்றுப்போக்கைக் குறைக்கிறது, அதற்குச் சான்று உண்டு. ஆனால் குடல் பழைய நிலைக்குத் திரும்ப அது உதவும் என்று விற்பதை நம்ப வேண்டியதில்லை; பெரியவர்களிடம் செய்த 2018ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றில் அது திரும்புதலைத் தாமதப்படுத்தியது. குறைமாதக் குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. உரைமருந்தில் தேன் குழைத்துக் கொடுப்பவர்கள் ஒரு வயது வரை தேனை ஒதுக்கிவிட வேண்டும், தேனிலுள்ள ஒரு கிருமி கைக்குழந்தையைத் துவளச் செய்து மூச்சையே அடக்கிவிடும்.

கொடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே அடிக்கடி வராமல் செய்வது தடுப்பூசி. இங்கே நிமோனியாவும் காதுத் தொற்றும் உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி நான்காம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில். ஆறு மாதம் முதல் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் (ஃபுளூ) ஊசி. குடிமக்களின் பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகங்களில் (பாலிகிளினிக்) தேசிய அட்டவணையில் உள்ளவை இலவசம். "சளி இருக்கிறதே" என்று தள்ளிப்போடுகிறார்கள். லேசான சளிக்குத் தள்ள வேண்டியதில்லை.

நீண்டகால விளைவு என்று பேசும்போது யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்று, "பென்சிலின் ஒவ்வாமை" என்று குழந்தையின் பதிவேட்டில் ஏறிவிடும் வரி. அமோக்சிசிலின் குடித்த ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு வருகிறது. பெரும்பாலும் அது வைரஸ் கிளப்பிய தடிப்பு. ஆனால் வரி ஏறிவிட்டால் அதற்கப்புறம் ஒவ்வொரு டாக்டரும் அமோக்சிசிலினைத் தவிர்த்து, குடலை இன்னும் அதிகம் கலைக்கும் மருந்தை எழுதுவார். இப்படி முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளைச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒவ்வாமையே இல்லை. தடிப்பு வந்தால் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். எத்தனையாவது வேளைக்குப் பிறகு வந்தது, அரிப்பு இருந்ததா, உதடு வீங்கியதா, மூச்சுத் திணறியதா என்று எழுதி வையுங்கள். உதடும் மூச்சும் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். வெறும் தடிப்புதான் என்றால் பிள்ளை தேறியதும் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவில் சோதித்துப் பார்க்கலாம். இல்லை என்று உறுதியானால் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.